வேதி வாய்பாட்டில் அணுக்களை எண்ணும் முறை: சேலத்துக் கனிமங்களை வைத்து

ஒரு சேர்மத்தின் வாய்பாட்டைப் பார்த்து, எந்தத் தனிமத்தின் அணு எத்தனை என்று சொல்லக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். அப்படியும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இங்கே தடுமாறுகிறார்கள். பெருக்கத் தெரியாததால் அல்ல. வாய்பாட்டில் நிற்கும் ஓர் எண் எதுவரைக்கும் செல்லும் என்பது பிடிபடாததால். எழுத்தின் காலடியில் நிற்கும் எண்ணுக்கு ஓர் எல்லை. அடைப்புக்குறிக்கு வெளியே நிற்பதற்கு வேறு எல்லை. புள்ளிக்குப் பின்னால் வருவதற்கு இன்னோர் எல்லை, வாய்பாட்டுக்கு முன்னால் நிற்பதற்கு மற்றோர் எல்லை. எண்ணத் தொடங்கும் முன் இந்த எல்லைகளைக் குறித்துக்கொள்வதுதான் வேலையே.

எடுத்துக்காட்டு தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. மேக்னசைட் ஜங்ஷன் பக்கத்து வெள்ளைக்கல், கஞ்சமலை இரும்புக்கல், சேர்வராயன் மலை பாக்சைட், காப்பித் தோட்டத்து மயில்துத்தம், ஜவ்வரிசி ஆலை மாவு, கொலுசுப் பட்டறை அமிலம் என எல்லா வகை வாய்பாட்டுக்கும் சேலத்திலேயே பொருள் இருக்கிறது.

எழுதும் முறை பற்றி ஒரு குறிப்பு. கீழே வாய்பாடுகளை வகுப்பில் வாய்விட்டு வாசிப்பதுபோலத் தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். ஒரு தனிமம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சிறு கோடு வரும். நோட்டில் வழக்கமான ஆங்கிலக் குறியீடுகளாக எழுதிக்கொண்டு பக்கத்திலேயே எண்ணிப் பாருங்கள்.

முதலில் தனிமங்களைப் பிரியுங்கள்

வெள்ளைக்கல் என்கிற மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். வாய்பாடு எம்ஜி-சி-ஓ₃. புத்தகத்தில் கோடு இருக்காது. பெரிய எழுத்துதான் அடையாளம். ஒவ்வொரு பெரிய எழுத்திலும் ஒரு புதிய தனிமம் தொடங்குகிறது. அதை ஒட்டிச் சின்ன எழுத்து வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே தனிமம். எனவே இதில் மூன்று தனிமங்கள்: மெக்னீசியம், கார்பன், ஆக்சிஜன்.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு சரியாகப் பெருக்கினாலும் விடை தவறும். பெரிய 'சி', சின்ன 'ஓ' சேர்ந்தால் கோபால்ட் என்னும் உலோகத்தின் ஓர் அணு. இரண்டும் பெரிய எழுத்தாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு. அதில் இரண்டு அணுக்கள். கையெழுத்தில் இவ்விரண்டையும் ஒரே அளவில் எழுதும் பழக்கம் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். குறியீட்டின் ஓசையை நம்பியும் தனிமத்தை ஊகிக்கக் கூடாது. சோடியம் என்ஏ, பொட்டாசியம் கே, இரும்பு எஃப்இ, தாமிரம் சியு, வெள்ளி ஏஜி. இவை லத்தீன் பெயர்களிலிருந்து வந்தவை. மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

காலடி எண்: இடப்பக்கத்து ஒரே குறியீடு

குறியீட்டின் கீழ்ப்பக்கம் சிறிதாக நிற்கும் எண்ணைக் கீழொட்டு என்பார்கள். அது தனக்கு உடனே இடப்பக்கம் இருக்கும் ஒரே ஒரு குறியீட்டை மட்டும் பெருக்கும். எண் இல்லாத குறியீட்டுக்கு ஒன்று. வெள்ளைக்கல்லில் மெக்னீசியம் 1, கார்பன் 1, ஆக்சிஜன் 3, ஆக மொத்தம் 5. அந்த மூன்று என்ற எண், கார்பனைத் தொடாது.

கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட் எஃப்இ₃-ஓ₄. இரும்பு 3, ஆக்சிஜன் 4, மொத்தம் 7. குரோமைட் எஃப்இ-சிஆர்₂-ஓ₄. இரும்பு 1, குரோமியம் 2, ஆக்சிஜன் 4, இதுவும் 7. மொத்தம் ஒன்றாக வந்தாலும் பொருள் வேறு. அதனால் கேள்வி மொத்தத்தை மட்டும் கேட்டாலும், தனிமவாரியாக எழுதிவிட்டுக் கடைசியில் கூட்டுங்கள். மொத்தத்தை மட்டும் மனதில் போட்டவருக்குத் தவறு எங்கே நேர்ந்தது என்று திரும்பிப் பார்க்க வழியே இருக்காது.

ஒரே தனிமம் இரண்டு மூன்று இடங்களில் வருவதும் உண்டு. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் சி-எச்₃-சி-ஓ-ஓ-எச். கார்பன் இரண்டு இடத்தில், ஹைட்ரஜன் இரண்டு இடத்தில், ஆக்சிஜன் அடுத்தடுத்து இரண்டு முறை. கூட்டினால் கார்பன் 2, ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 2, மொத்தம் 8. எண்ணி முடித்த குறியீட்டைப் பென்சிலால் லேசாக அடித்துக்கொண்டே போனால் எதுவும் விடுபடாது, எதையும் இரண்டு முறை எண்ணவும் மாட்டீர்கள்.

மேலே சிறிதாக நிற்கும் எண்ணும் கூட்டல் கழித்தல் குறியும் அயனியின், அதாவது மின்சுமை ஏறிய அணு அல்லது அணுக்கூட்டத்தின், மின்சுமை. கார்பனேட் அயனியின் தலைக்குமேல் நிற்கும் 2−, அணு எண்ணிக்கையில் சேராது. காலடி மூன்றையும் தலைமேல் இரண்டையும் சேர்த்து முப்பத்திரண்டு என்று படித்துவிடாதீர்கள்.

அடைப்புக்குறி: உள்ளே இருக்கும் எல்லாமே

அடைப்புக்குறிக்கு வெளியே கீழே நிற்கும் எண், உள்ளே இருக்கும் ஒவ்வொரு குறியீட்டையும் பெருக்கும். நீற்றிய சுண்ணாம்பு சிஏ-(ஓ-எச்)₂. கால்சியம் 1, ஆக்சிஜன் 2, ஹைட்ரஜன் 2, மொத்தம் 5. அடைப்புக்குறியை விட்டுவிட்டு சிஏ-ஓ-எச்₂ என்று எழுதினால் ஆக்சிஜன் ஒன்றாகிவிடும்.

உள்ளேயும் ஓர் எண் இருந்தால் இரண்டையும் பெருக்க வேண்டும்; கூட்டக் கூடாது. யூரியா சி-ஓ-(என்-எச்₂)₂. நைட்ரஜன் 1 × 2 = 2. ஹைட்ரஜன் 2 × 2 = 4. வெளியில் இருக்கும் கார்பனும் ஆக்சிஜனும் ஒவ்வொன்றே. மொத்தம் 8. இரண்டும் இரண்டும் கூட்டினாலும் நான்கு, பெருக்கினாலும் நான்கு என்பதால் யூரியாவில் தப்பான முறையும் சரியான விடையைத் தந்துவிடும். ஆகவே முறை சரிதானா என்று சோதிக்க யூரியாவை எடுக்காதீர்கள். கால்சியம் பாஸ்பேட்டை எடுங்கள்: சிஏ₃-(பி-ஓ₄)₂. ஆக்சிஜன் 4 × 2 = 8. கூட்டுகிறவருக்கு ஆறு வரும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடைப்புக்குறி எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிளீச்சிங் பவுடர் நல்ல சாட்சி. பள்ளிப் பாடங்களில் அதைச் சிஏ-ஓ-சிஎல்₂ என்று எழுதுவது நெடுநாள் வழக்கம். அதில் கால்சியம் 1, ஆக்சிஜன் 1, குளோரின் 2, மொத்தம் 4. கால்சியம் ஹைப்போகுளோரைட்டு சிஏ-(ஓ-சிஎல்)₂. இதில் ஆக்சிஜனும் இரண்டாகி மொத்தம் 5. எழுத்துகள் அதே, எண்ணும் அதே. அடைப்புக்குறி மட்டும்தான் கூடுதல். கேள்வித்தாளில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே எண்ணுங்கள். பழக்கமான வாய்பாட்டை மனதிலிருந்து எடுத்துப் போடாதீர்கள்.

வெள்ளைக்கல் கிடைக்கும் பூமியில் கூடவே இருக்கும் சர்ப்பென்டைன் கனிமத்தின் வாய்பாடு எம்ஜி₃-எஸ்ஐ₂-ஓ₅-(ஓ-எச்)₄. ஆக்சிஜன் அடைப்புக்கு வெளியே 5, உள்ளே 4, சேர்ந்து 9. மெக்னீசியம் 3, சிலிக்கான் 2, ஹைட்ரஜன் 4. மொத்தம் 18. வெளியே இருக்கும் ஐந்தையும் நான்கால் பெருக்கி இருபது என்று எழுதுவது இங்கே அடிக்கடி நேரும் பிழை. நான்கின் அதிகாரம் அடைப்புச் சுவருக்குள் மட்டும்தான்.

அடைப்புக்குறிக்குள் காற்புள்ளி வந்தால் கதை வேறு. அங்கிருக்கும் டியூனைட் பாறையின் முக்கியக் கனிமமான ஆலிவினை (எம்ஜி, எஃப்இ)₂-எஸ்ஐ-ஓ₄ என்று எழுதுவார்கள். மெக்னீசியம் 2, இரும்பு 2 என்று இதற்குப் பொருளில்லை. மெக்னீசியமும் இரும்பும் ஒன்றன் இடத்தில் மற்றது உட்காரலாம், இரண்டும் சேர்ந்து மொத்தம் 2 என்பதே பொருள். இரண்டு, ஒன்று, நான்கு, மொத்தம் 7. பள்ளிப் பாடத்தில் இது வராது. புவியியல் படிக்கப் போகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே வரும்.

அடைப்புக்குள் அடைப்பு இருந்தால் உள்ளிருந்து வெளியே வாருங்கள். நீலச் சாயமான பிரஷ்யன் நீலம் எஃப்இ₄-[எஃப்இ-(சி-என்)₆]₃. உள் அடைப்பில் கார்பன் 6, நைட்ரஜன் 6. சதுர அடைப்புக்கு வந்தால் இரும்பு 1, கார்பன் 6, நைட்ரஜன் 6. எல்லாவற்றையும் மூன்றால் பெருக்க 3, 18, 18. வெளியே இருக்கும் இரும்பு 4. ஆக இரும்பு 7, கார்பன் 18, நைட்ரஜன் 18, மொத்தம் 43.

நடுவில் புள்ளி: படிக நீர்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கு வாங்கும் மயில்துத்தம், நீரேறிய தாமிர சல்பேட். வாய்பாடு சியு-எஸ்-ஓ₄ · 5 எச்₂-ஓ. நடுவில் நிற்கும் புள்ளி தசமப் புள்ளியும் அல்ல, பெருக்கல் குறியும் அல்ல. 'இதனோடு சேர்ந்து' என்று மட்டும் படிக்க வேண்டும். புள்ளிக்குப் பின்னால் வரும் ஐந்து, தனக்கு வலப்பக்கம் இருக்கும் தண்ணீரை மட்டும் பெருக்கும்; இடப்பக்கம் திரும்பிப் பார்க்காது.

தாமிரம் 1, கந்தகம் 1. ஆக்சிஜன் சல்பேட்டில் 4, நீரில் 5 × 1 = 5, சேர்ந்து 9. ஹைட்ரஜன் 5 × 2 = 10. மொத்தம் 21. பெரும்பாலோர் தவறவிடுவது ஆக்சிஜனைத்தான்; சல்பேட்டு நான்கை எழுதிவிட்டு நீரில் இருப்பதை மறந்துவிடுவார்கள்.

கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும் படிகாரத்தில் அடைப்பும் புள்ளியும் ஒருங்கே வரும்: கே-ஏஎல்-(எஸ்-ஓ₄)₂ · 12 எச்₂-ஓ. பொட்டாசியம் 1, அலுமினியம் 1, கந்தகம் 2. ஆக்சிஜன் 4 × 2 = 8, நீரில் 12, சேர்ந்து 20. ஹைட்ரஜன் 24. மொத்தம் 48. இதைப் பிழையின்றி எண்ணிவிட்டால் பள்ளித் தேர்வில் வரும் எந்த வாய்பாட்டுக்கும் அஞ்ச வேண்டாம்.

சரிபார்க்க அருமையான ஒரு வழி சேர்வராயன் மலைப் பாக்சைட்டில் இருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போன அந்தக் கல்லில் உள்ள கிப்சைட் கனிமத்தை ஒருவர் ஏஎல்-(ஓ-எச்)₃ என்று எழுதுவார், இன்னொருவர் ஏஎல்₂-ஓ₃ · 3 எச்₂-ஓ என்று எழுதுவார். முதலாவதில் அலுமினியம் 1, ஆக்சிஜன் 3, ஹைட்ரஜன் 3, மொத்தம் 7. இரண்டாவதில் அலுமினியம் 2, ஆக்சிஜன் 3 + 3 = 6, ஹைட்ரஜன் 6, மொத்தம் 14. எல்லாத் தனிமமும் சரியாக இரண்டு மடங்கு. விகிதம் 1 : 3 : 3 மாறவில்லை, ஆகவே பொருள் ஒன்றே. உங்கள் கணக்கில் ஆக்சிஜன் மட்டும் இரு மடங்காகாமல் நின்றால், நீரின் மூன்று ஆக்சிஜனை விட்டிருக்கிறீர்கள்.

முன்னால் நிற்கும் எண்: வாய்பாடு முழுவதும்

வாய்பாட்டுக்கு முன் பெரிய அளவில் நிற்கும் எண், கெழு. அது அடுத்த கூட்டல் குறி அல்லது அம்புக்குறி வரும்வரை எல்லாவற்றையும் பெருக்கும், புள்ளியையும் தாண்டும். முன்னால் 2 போட்ட மயில்துத்தத்தில் தாமிரம் 2, கந்தகம் 2, ஆக்சிஜன் 18, ஹைட்ரஜன் 20, மொத்தம் 42.

இரண்டு நீர் மூலக்கூறு என்பதை 2 எச்₂-ஓ என்று எழுத வேண்டும். அதை எச்₂-ஓ₂ என்று எழுதினால் தண்ணீர் ஹைட்ரஜன் பெராக்சைடாகிவிடும். சமன்பாட்டைச் சமன் செய்யும்போது கீழொட்டைத் தொடக்கூடாது என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கீழொட்டை மாற்றினால் பொருளே மாறிவிடும். கெழுவை மாற்றினால் அளவு மட்டும்தான் மாறும்.

சேலத்து வெள்ளிப் பட்டறைகளுக்கு நெருக்கமான வினை ஒன்றை எடுப்போம். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரையும்போது:

3 ஏஜி + 4 எச்-என்-ஓ₃ → 3 ஏஜி-என்-ஓ₃ + என்-ஓ + 2 எச்₂-ஓ

இடப்பக்கம்: வெள்ளி 3, ஹைட்ரஜன் 4, நைட்ரஜன் 4, ஆக்சிஜன் 4 × 3 = 12. வலப்பக்கம்: வெள்ளி 3. நைட்ரஜன் 3 + 1 = 4. ஆக்சிஜன் 9 + 1 + 2 = 12. ஹைட்ரஜன் 2 × 2 = 4. இரு பக்கமும் ஒத்துப்போகிறது. எண்ணும்போது ஆக்சிஜனைக் கடைசியில் வையுங்கள். மூன்று பொருளில் சிதறிக் கிடப்பதால் அதில்தான் பிழை அதிகம். வினையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு காற்றுப் பட்டதும் பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறும். நுரையீரலைப் பாழாக்கும் நச்சுவாயு அது; இந்த வினையைத் தாளில் மட்டும் செய்யுங்கள்.

ஜவ்வரிசியின் 'என்'

மரவள்ளிக் கிழங்கு மாவின் வாய்பாடு (சி₆-எச்₁₀-ஓ₅)ₙ. கீழே நிற்கும் 'என்' இங்கே நைட்ரஜன் அல்ல. அதே அலகு பல நூறு, பல ஆயிரம் முறை தொடர்கிறது என்று சொல்லும் எண். எத்தனை முறை என்பது சங்கிலிக்குச் சங்கிலி மாறும். எனவே மொத்த அணு எத்தனை என்று கேட்டால் ஓர் அலகுக்கு 6 + 10 + 5 = 21, முழுச் சங்கிலிக்கு 21 பெருக்கல் 'என்' என்பதே சரியான விடை. குளுக்கோஸ் சி₆-எச்₁₂-ஓ₆, அதில் 24 அணு. ஒவ்வொரு குளுக்கோசும் சங்கிலியில் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு, அதாவது 3 அணு, வெளியேறுகிறது. 24 − 3 = 21. இணைப்பில் படாத இரு முனைகளில் மட்டும் ஒரு நீரின் அணுக்கள் மிச்சமிருக்கும். இவ்வளவு நீளமான சங்கிலியில் அதை விட்டுவிடலாம்.

எண்ணிக்கையிலிருந்து எடைக்கு

எண்ணி முடித்தபின் ஒவ்வொரு தனிமத்தின் எண்ணிக்கையையும் அதன் அணுநிறையால் பெருக்கிக் கூட்டினால் வாய்பாட்டு நிறை கிடைக்கும். வெள்ளைக்கல்லுக்கு 24.3 + 12.0 + (3 × 16.0) = 84.3. சூளையில் சுட்டால் அது எம்ஜி-ஓ, சி-ஓ₂ என்று இரண்டாகப் பிரியும். ஐந்து அணுவில் இரண்டு சூளையில் தங்கும், மூன்று புகைபோக்கி வழியே போகும். தங்குவதன் நிறை 40.3. ஆகவே சுத்தமான ஒரு டன் கல்லைச் சுட்டால் கிடைக்கும் மெக்னீசியா (எம்ஜி-ஓ) சுமார் 478 கிலோ. மீதி 522 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கல்லில் சிலிக்கா கலந்திருந்தால் கணக்கு மாறும். வாய்பாடு சுத்தமான பொருளுக்கு மட்டுமே பேசும்.

மயில்துத்தத்தின் வாய்பாட்டு நிறை 249.7. அதில் தாமிரம் 63.5, அதாவது நூற்றுக்கு 25.4. ஒரு சதவீதப் போர்டோ கலவைக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பும் போடுவார்கள். அந்த ஒரு கிலோ நீல உப்பில் சுமார் 254 கிராம் தாமிரம் இருக்கிறது. இதே உப்பு சூட்டில் நீரை முழுதும் இழந்து வெள்ளைப் பொடியாகியிருந்தால் நிறை 159.6 மட்டுமே; ஒரு கிலோவில் தாமிரம் 398 கிராமாக ஏறிவிடும். ஐந்து நீர் மூலக்கூறுகளை எண்ணாமல் விடுவதன் விலை இது: கலவையில் தாமிரம் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறிவிடும்.

அணுக்களின் உண்மையான எண்ணிக்கை வேண்டுமென்றால் மோலுக்கு மாற்றுங்கள். வாய்பாட்டு நிறை எவ்வளவோ அத்தனை கிராம் ஒரு மோல்; ஒரு மோலில் 6.022 × 10²³ அலகுகள். 1000 ÷ 249.7 = 4.005 மோல். அதை 6.022 × 10²³ ஆல் பெருக்கினால் 2.41 × 10²⁴ வாய்பாட்டு அலகுகள். தாமிர அணுவும் அதே எண்ணிக்கை. எல்லா அணுவும் சேர்த்து அதன் 21 மடங்கு, 5.06 × 10²⁵. மயில்துத்தம் அயனிகளால் ஆனது என்பதால் 'மூலக்கூறு' என்று சொல்லாமல் 'வாய்பாட்டு அலகு' என்று சொல்வது சரி.

யூரியாவின் நிறை 60.06; அதில் இரண்டு நைட்ரஜன் சேர்ந்து 28.01. நூற்றுக்கு 46.6. மூட்டையில் 46 என்று அச்சிட்டிருப்பது இதிலிருந்து வருவதுதான். 45 கிலோ மூட்டை ஒன்றில் நைட்ரஜன் சுமார் 20.7 கிலோ.

ஒரு எச்சரிக்கை. எஃகின் மேல் 18/8 என்று பார்த்ததும் 18 அணு, 8 அணு என்று எண்ணத் தொடங்காதீர்கள். சேலம் உருக்காலைக்குப் பெயர் தேடித்தந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உலோகக் கலவை, சேர்மம் அல்ல. அதற்கு வாய்பாடே கிடையாது. அந்த எண்கள் எடையில் குரோமியமும் நிக்கலும் நூற்றுக்கு எத்தனை என்பதைக் குறிக்கின்றன.

பயிற்சிக்கு

முதலில் விடையை மறைத்துக்கொண்டு எண்ணுங்கள். காப்பியில் இருக்கும் காஃபீன், சி₈-எச்₁₀-என்₄-ஓ₂. அம்மோனியம் சல்பேட், (என்-எச்₄)₂-எஸ்-ஓ₄. மேலே பாதியில் விட்ட கால்சியம் பாஸ்பேட்டின் மொத்தம். முன்னால் 3 போட்ட சர்ப்பென்டைனில் ஆக்சிஜன் மட்டும். முன்னால் 2 போட்ட படிகாரத்தின் மொத்தம்.

விடைகள்: காஃபீன் 24. அம்மோனியம் சல்பேட் 15 (நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, கந்தகம் 1, ஆக்சிஜன் 4). கால்சியம் பாஸ்பேட் 13. சர்ப்பென்டைனில் ஆக்சிஜன் 27. படிகாரம் 96. அம்மோனியம் சல்பேட்டுக்கு 19 வந்திருந்தால், அடைப்புக்கு வெளியே நிற்கும் இரண்டைச் சல்பேட்டின் ஆக்சிஜனுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். படிகாரத்துக்கு 60 வந்திருந்தால், முன்னால் நின்ற இரண்டைப் புள்ளியோடு நிறுத்திவிட்டீர்கள்.